கிருமி போன பிறகும் மூச்சு திணறுவது ஏன்?

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி.

பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் ஒரு வீடியோவில் பேசினார். தனக்கு வந்திருப்பது லேசான கொரோனாதான், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

எட்டே நாளில் நிலைமை மாறியது. 13-ந்தேதி இரவு அவருடைய உடல்நிலை மோசமானது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். சுவாசக் கருவி பொருத்தினார்கள். அதுவும் போதவில்லை. 'எக்மோ' என்ற எந்திரத்தின் துணை தேவைப்பட்டது. ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, அதில் பிராணவாயுவை ஏற்றி, மறுபடியும் உடம்புக்குள் அனுப்பும் எந்திரம் அது.

செப்டம்பர் 7-ந்தேதி நல்ல செய்தி வந்தது. உடம்பில் கிருமி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டதாக மகன் சரண் அறிவித்தார். அப்பா கிரிக்கெட்டும் டென்னிசும் பார்க்கிறார் என்று சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். நுரையீரல் இன்னும் தேறவில்லை, ஆகவே கருவியை எடுக்க முடியவில்லை.

செப்டம்பர் 25-ந்தேதி பிற்பகல் எஸ்.பி.பி. காலமானார். வயது 74.

கிருமிதான் போய்விட்டதே! பிறகு ஏன் கருவி? பிறகு ஏன் திணறல்? அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எத்தனையோ குடும்பங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்ட கேள்வி இது.

ஒவ்வொரு நோயாளியின் கதையும் வேறு. அது அவரவர் டாக்டருக்கே தெரியும். ஆனால் பொதுவான கேள்விக்கு விடை உண்டு. நுரையீரல் தன்னைத் தானே பழுது பார்க்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த விடை புரியும்.

இட்லியும் பாலாடையும்

நல்ல நுரையீரல் இட்லியைப் போல மிருதுவானது. அதனுள் 30 கோடி முதல் 50 கோடி வரை நுண்ணிய காற்றுப் பைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் விரித்தால் சுமார் 750 சதுர அடியை மூடும். ஒரு சிறு குடும்பம் வசிக்கும் வீட்டின் அளவு!

ஒவ்வொரு பையையும் சுற்றி ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் மிக மிக மெல்லியது. ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு கனம்கூட இராது. அதனால்தான் பிராணவாயு சுலபமாக ரத்தத்தில் இறங்குகிறது.

இந்தச் சுவர் திடீரென்று ஒழுக ஆரம்பித்தால்?

அதுதான் 'ஏ.ஆர்.டி.எஸ்.' என்று டாக்டர்கள் சொல்லும் கடும் மூச்சுத்திணறல் நோய். கொரோனாவால் மட்டும் வருவது அல்ல. சாதாரண நிமோனியாவில் வரும். சீழ்க் கிருமி ரத்தத்தில் கலந்தால் வரும். மயங்கிக் கிடப்பவர் எடுக்கும் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் வரும். பெரிய விபத்து, தீக்காயம், கணைய வீக்கம் ஆகியவற்றிலும் வரும். மலேரியா, எலிக் காய்ச்சல், புதர்க்காட்டுப் பூச்சி கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சல் முற்றினாலும் வரும்.

முதலில் வெள்ளம். ரத்தத்தில் உள்ள நீரும் புரதமும் கசிந்து காற்றுப் பைகளை நிரப்புகின்றன. கிருமியைக் கொல்ல வந்த வெள்ளை அணுக்கள் வேகம் தாங்காமல் சுவரையும் அரிக்கின்றன. கசிந்த புரதம், காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவது போலப் பையின் உள்பக்கம் படிகிறது.

இன்னொரு கேடும் உண்டு. காற்றுப் பைகளின் உள்ளே சோப்பு நீர் போன்ற ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. அது இருக்கும் வரை பைகள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்து நிற்கும். வெள்ளத்தில் அதுவும் போய்விடுகிறது. ஈரமான பிளாஸ்டிக் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வது போலப் பைகள் மூடிக்கொள்கின்றன.

பச்சைக் குழந்தைகள் சிலருக்கு, முக்கியமாகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, இந்தப் பூச்சு போதுமான அளவு ஊறியிருக்காது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்டில் பிறந்து இரண்டே நாளில் இறந்தது அந்தக் குறையால்தான். அன்று அதற்கு வைத்தியம் இல்லை. இன்று அந்தப் பூச்சையே மருந்தாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. ஏன்? பெரியவர்களின் நோயில் பூச்சு மட்டும் போகவில்லை, சுவரே போகிறது.

ஜன்னலைப் பூசிய கொத்தனார்

வெள்ளம் வடிந்ததும் பழுது வேலை ஆரம்பம்.

காற்றுப் பையின் சுவரில் இரு வகை உயிரணுக்கள் உண்டு. ஒரு வகை சப்பாத்தி போலத் தட்டையானது. சுவரில் பெரும் பகுதியை மூடியிருப்பது இதுதான். இது சுலபத்தில் செத்துவிடும். மற்றது பருமனானது. வழவழப்புப் பூச்சைச் சுரப்பது இதன் வேலை. ஆபத்து வந்தால் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. தானே பெருகி, தட்டையாக மாறி, செத்துப்போன இடத்தை நிரப்பும்!

கூடவே கொத்தனார்களும் வருகிறார்கள். நார் நூற்கும் உயிரணுக்கள்தான் இந்தக் கொத்தனார்கள். 'கொலாஜன்' என்ற நாரை நூற்று, உடைந்த இடத்தில் சாரம் கட்டுகின்றன. காலில் கல் குத்தினால் தழும்பு உண்டாகிறது அல்லவா? அதே நார்தான் இதுவும்.

வேலை ஒழுங்காக நடந்தால் சுவர் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். குப்பையை அள்ளும் அணுக்கள் வந்து கூட்டிப் பெருக்கிவிடும். நுரையீரல் மறுபடி மிருதுவாகும். பலருக்கு இப்படித்தான் நடக்கிறது.

சிலருக்கு மட்டும் கொத்தனார்கள் நிறுத்தாமல் வேலை செய்கிறார்கள். ஓட்டையை அடைக்க வந்தவர்கள் ஜன்னலையும் வாசலையும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள்! காலில் தழும்பு இருந்தால் பாதகம் இல்லை. நடக்கலாம். காற்றுப் பையில் தழும்பு விழுந்தால் பிராணவாயு எப்படி இறங்கும்? நுரையீரல் விறைத்துப் போகிறது. கிருமி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் மூச்சு முட்டுகிறது.

வழக்கமாக முதல் வாரம் வெள்ளம், இரண்டாவது வாரம் பழுது வேலை, மூன்று வாரத்துக்குப் பிறகு சிலருக்குத் தழும்பு என்று சொல்வார்கள். இதைக் கேட்டு, முதல் வாரத்தில் அவசரம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நோய் தொடங்கிய முதல் நாட்களிலேயே நார் நூற்பதற்கான அடையாளம் நுரையீரல் நீரில் தென்படுகிறது. கொத்தனார்கள் வெள்ளத்தோடு வெள்ளமாகவே வந்து இறங்கிவிடுகிறார்கள்.

டென்வரில் 12 பேர்

இந்த நோய்க்குப் பெயர் வைத்தது 1967-ம் ஆண்டில். அமெரிக்காவில் டென்வர் நகரத்து டாக்டர்கள் ஆஷ்பாக், பெட்டி முதலியோர் 12 நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். ஒருவர் விபத்தில் அடிபட்டவர். இன்னொருவர் நிமோனியாக்காரர். மற்றொருவருக்குக் கணையத்தில் வீக்கம். காரணம் வேறு வேறு. ஆனால் எல்லோருடைய மூச்சும் ஒரே மாதிரி திணறியது. எவ்வளவு பிராணவாயு கொடுத்தும் போதவில்லை.

12 பேரில் 7 பேர் இறந்தார்கள். அவர்களுடைய நுரையீரலைப் பார்த்த டாக்டர்கள் திடுக்கிட்டார்கள். காற்று நிறைந்து லேசாக இருக்க வேண்டியது, கல்லீரலைப் போலக் கனத்துச் சிவந்து கிடந்தது! நாள் கடந்து இறந்தவர்களிடம் தழும்பு படர்ந்திருந்தது.

ஒரு வழியையும் டென்வர் டாக்டர்கள் கண்டார்கள். நோயாளி மூச்சை வெளியே விட்ட பிறகும் கொஞ்சம் அழுத்தம் உள்ளே நிற்கும்படி கருவியை வைத்தார்கள். பைகள் முழுவதும் மூடிக்கொள்ளாமல் இருந்தன. இன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைத்தான் செய்கிறார்கள்.

குழந்தை நுரையீரல்

சுவாசக் கருவி நுரையீரலைக் குணப்படுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. நுரையீரல் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும் வரை ஆளை உயிரோடு வைத்திருப்பதுதான் கருவியின் வேலை. அந்தக் கருவியே பழுது வேலையைக் கெடுக்கவும் கூடும்!

இதை விளக்கியவர் இத்தாலி நாட்டு டாக்டர் லூசியானோ கட்டினோனி. 1980-களில் அவர் இந்த நோயாளிகளின் நுரையீரலை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். முழு நுரையீரலும் விறைத்துப் போயிருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். படம் வேறு விதமாகச் சொன்னது. பெரும் பகுதி மூடிக் கிடந்தது. ஒரு சிறு பகுதி மட்டும் நன்றாகத் திறந்திருந்தது. ஆள் ஆறடி. வேலை செய்யும் நுரையீரலோ ஐந்து, ஆறு வயதுக் குழந்தையின் அளவு! 'குழந்தை நுரையீரல்' என்றே அவர் பெயர் வைத்தார்.

அந்தக் குழந்தை நுரையீரலுக்குள் ஆறடி ஆளுக்கு வேண்டிய காற்றை அடித்தால் என்ன ஆகும்? நல்ல பைகளும் கிழியும். மறுபடி கசிவு. மறுபடி கொத்தனார்கள். மறுபடி நார்.

1990-களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. அமெரிக்காவில் 861 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய வழக்கப்படி பெரிய மூச்சு. மற்றொரு பிரிவுக்கு அதில் பாதி. 170 சென்டி மீட்டர் உயரமுள்ள ஆண் என்றால், முதல் பிரிவில் மூச்சுக்குச் சுமார் 800 மில்லி லிட்டர். இரண்டாவது பிரிவில் சுமார் 400.

முடிவு 2000-ம் ஆண்டில் வெளிவந்தது. பெரிய மூச்சு கொடுத்தவர்களில் 100-க்கு 40 பேர் இறந்தார்கள். சின்ன மூச்சு கொடுத்தவர்களில் 31 பேர். புது மருந்து இல்லை. புது எந்திரம் இல்லை. ஒரு குமிழைக் குறைத்துத் திருகியதில் நூற்றுக்கு ஒன்பது உயிர்கள்!

உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. "கருவியில் காற்றைக் கொஞ்சமாக வைத்திருக்கிறார்களே, கூட்டக் கூடாதா?" என்று சிலர் டாக்டரிடம் சண்டை போடுவது உண்டு. குறைத்து வைப்பதுதான் அங்கே வைத்தியம்.

அளவைக் கணக்கிடுவது உடல் எடையை வைத்து அல்ல. ஒருவர் பருத்துவிட்டால் நுரையீரல் பெரிதாகிவிடாது. உயரத்தை அளந்துதான் கணக்குப் போட வேண்டும். அதற்குத் தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும்.

அந்த டேப்பை எத்தனை பேர் எடுத்தார்கள்? 50 நாடுகளில் 459 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பார்த்து எழுதிய ஓர் ஆராய்ச்சி 2016-ல் வெளிவந்தது. மூச்சின் அளவை ஓரளவாவது குறைத்து வைத்தது, மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவான நோயாளிகளுக்குத்தான். நோய் லேசாக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த நோய் என்றே டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் நோய் லேசாக இருந்தவர்களில் 100-க்கு 35, கடுமையாக இருந்தவர்களில் 46. பதினாறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த பாடம், செலவே இல்லாத வைத்தியம், படுக்கை ஓரத்துக்கு வந்து சேரவில்லை! மருந்து இல்லையே என்று வருந்துவதற்கு முன்னால் இதற்கு வருந்த வேண்டும்.

குப்புறப் படுக்க வைத்தால்?

மல்லாந்து படுத்தால் இதயமும் நீர் ஏறிய நுரையீரலும் முதுகுப் பக்கம் அழுத்துகின்றன. அங்கேதான் பைகள் அதிகம். குப்புறப் படுத்தால் அந்தப் பக்கம் திறக்கும். காற்று எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும். ஒரே இடம் கிழிவது குறையும்.

பிரான்சு நாட்டு டாக்டர் கெரான் தலைமையில் 466 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். தினம் சுமார் 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். 2013-ல் வெளிவந்த கணக்கு இது: 28 நாளில் மல்லாந்தே கிடந்தவர்களில் 100-க்கு 33 பேர் இறந்தார்கள். குப்புறப் படுத்தவர்களில் 16 பேர். சரிபாதி!

அப்படியானால் எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்ய வேண்டியதுதானே? செய்யலாம். ஆனால் மயக்கத்தில் இருப்பவரை, வாயில் குழாயும் கழுத்தில் ஊசியுமாகக் கிடப்பவரைப் புரட்ட நாலைந்து பேர் வேண்டும். குழாய் நழுவினால் ஆபத்து. முகத்தில் புண் வராமல் பார்க்க வேண்டும். கைகள் வேண்டும், பழக்கம் வேண்டும். 2016 ஆராய்ச்சியில், நோய் கடுமையாக இருந்தவர்களிலேயே 100-க்கு 16 பேருக்குத்தான் இது கிடைத்திருந்தது. கொரோனா வந்த பிறகே இது உலகம் முழுவதும் பரவியது. பல வார்டுகளில் நர்சுகளின் தோள்பட்டைதான் அதற்கு விலை.

ஊசி ஒன்றும் இல்லையா?

ஒன்று உண்டு. அதிலும் நேரம் பார்க்க வேண்டும்.

வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து பழையது, மலிவானது. 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த சோதனை, 'டெக்சாமெதசோன்' பற்றி நல்ல செய்தி சொன்னது. சுவாசக் கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளில், இந்த மருந்து பெறாதவர்களில் 100-க்கு 41 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 29 பேர். பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பலனும் இல்லை.

நாள் கடந்து கொடுத்தால்? 2006-ல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில், நோய் வந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு ஸ்டீராய்டு ஆரம்பித்தவர்களிடம் மரணம் கூடியது. தழும்பு விழுந்த பிறகு வீக்கத்தை அடக்கிப் பயன் என்ன? லேசான கொரோனாவுக்கே வீட்டில் இருந்தபடி ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர்கள் 2021-ல் ஏராளம். சர்க்கரை ஏறி, கருப்புப் பூஞ்சை நோய் பிடித்து, கண்ணைப் பறிகொடுத்தவர்களை அந்த ஆண்டு நாடே பார்த்தது.

தழும்பைக் கரைக்கும் மருந்து? அது இன்னும் வரவில்லை. 'பிர்பெனிடோன்', 'நின்டெடானிப்' என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. காரணம் தெரியாமல் மெல்ல மெல்ல நுரையீரல் தழும்பாகும் வேறொரு நோயில், அவை தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கின்றன. விழுந்த தழும்பை அழிப்பது இல்லை.

எல்லாம் கைவிட்ட பிறகு மாற்று நுரையீரல் ஒன்றுதான் வழி. 2020 ஜூனில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருபது வயதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்கு, கொரோனாவில் கெட்டுப்போன இரு நுரையீரல்களையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். அறுவைக்குத் தலைமை தாங்கியவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் அங்கித் பரத். அதே ஆகஸ்டில் சென்னையிலும் ஒருவருக்கு இப்படிச் செய்து காட்டினார்கள். ஆனால் மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய குடும்பம் மனம் வைத்தால்தான் மாற்று நுரையீரல் கிடைக்கும். எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கிராமத்து ஆஸ்பத்திரியில்

நோயைக் கண்டுகொள்வதில்கூட ஏழை, பணக்கார வித்தியாசம் இருந்தது. பழைய விதிப்படி சுவாசக் கருவியும் ரத்தத்தில் வாயுவை அளக்கும் பரிசோதனையும் இருந்தால்தான் 'இது ஏ.ஆர்.டி.எஸ்.' என்று சொல்ல முடியும். கருவியே இல்லாத ஊரில் நோயும் இல்லை என்று அர்த்தமா?

ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் வேலை செய்த டாக்டர்கள் இதை எதிர்த்து 2016-ல் வேறு அளவுகோலை முன்வைத்தார்கள். விரலில் மாட்டும் சிறு கருவி காட்டும் எண்ணும், அல்ட்ரா சவுண்டு படமும் போதும் என்றார்கள். 2024-ல் வெளிவந்த புதிய உலக விளக்கத்தில் அந்த யோசனை இடம்பெற்றுவிட்டது. 2020-ல் இங்கே எத்தனையோ வீடுகள் வாங்கி வைத்த அதே விரல் கருவிதான்!

வீடு திரும்பிய பிறகு

பிழைத்தவர்கள் கதி என்ன? தழும்போடுதான் வாழ வேண்டுமா?

கனடாவின் டொரன்டோ நகரில் டாக்டர் மார்கரெட் ஹெரிட்ஜ் 109 பேரைப் பின்தொடர்ந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வெளியே வந்தபோது அவர்கள் சராசரியாக உடல் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். 60 கிலோ ஆள் 49 கிலோவாகிவிட்ட கணக்கு!

ஆறு மாதத்தில் பலருடைய நுரையீரலின் கொள்ளளவு சாதாரண நிலைக்கு வந்துவிட்டது. ஓர் ஆண்டுக்குப் பிறகும் பிராணவாயு ரத்தத்தில் இறங்குவதில் மட்டும் சிறு குறை இருந்தது. கொத்தனார்கள் பூசியதில் பெரும் பகுதியை உடம்பு மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்துவிடுகிறது. ஸ்கேனில் தழும்பு தெரிகிறது என்று சொன்னவுடன் இடிந்துபோகும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்த்தார்கள். மூன்றாவது மாதம் 281 மீட்டர். ஓர் ஆண்டு ஆனபோது 422 மீட்டர். வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேர்தான். வாரக்கணக்கில் அசையாமல் படுத்ததில் தசைகள் கரைந்துவிட்டன. நடுவயதுக்காரர்கள் மாடிப்படி ஏறக் கைப்பிடியைத் தேடினார்கள். சிலருக்கு ராத்திரியில் கருவியின் சத்தம் காதில் கேட்டது. தூக்கம் வரவில்லை.

ஆகவே வீடு திரும்பியவரை "இனி ஓய்வு எடு" என்று கட்டிலிலேயே வைத்திருப்பது சரி அல்ல. டாக்டர் சொன்ன அளவுக்குத் தினம் நடக்க வேண்டும். மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். பருப்பு, முட்டை, பால் என்று புரதம் சேர்க்க வேண்டும். பீடி, சிகரெட் புகை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

ஐந்தாவது ஆண்டில் அதே ஆட்களை டாக்டர் ஹெரிட்ஜ் மறுபடி நடக்கச் சொன்னார். 436 மீட்டர் நடந்தார்கள். அந்த வயதில் மற்றவர்கள் நடக்கும் தூரத்தில் அது முக்கால் பங்கு. நுரையீரல் ஏறக்குறையச் சரியாகிவிட்டிருந்தது. கால்களுக்குத்தான் இன்னும் பழைய பலம் வரவில்லை.